பட்டியலில் இல்லாதது

அல்பேட்டாவில் விடியமுன்னம்,
ஒட்டுசுட்டானில் எனக்குப் பின்னேரம்.
தம்பி குணாளன் படம் அனுப்பியிருந்தான்:
பெட்டிக்கோட்டுக் கொப்பித் தாளில்
பென்சிலால் கீறிய ஒரு தோட்டா.

"எந்தக் கொம்பனியும் செய்யாதது.
என்ரை றைபிளுக்குக் குட்டைப் போல்ற்,
எழுபத்தொரு மில்லிமீற்றருக்கு மேலை
பெட்டிக்குள்ளை போகாது.
நீளச் சன்னம் வைச்சால் அதின்ரை அடி
மருந்துக்குள்ளை இறங்கி இடத்தைத் தின்னுது.
அதுதான் தோளைக் கீழை தள்ளி,
சரிவைக் கூட்டி,
வயித்தைக் கொஞ்சம் அகட்டியிருக்கிறன்.
கழுத்துத்தான் மனசுக்குப் பிடிக்கேல்லை.
நீ லேத்காரன். பார்."

பார்த்தேன்.
தண்ணிப் பம்புக்குப் புஷ்,
லாண்ட்மாஸ்டருக்குக் கப்பி,
போன வருசம் தேருக்கு ஒரு அச்சாணி,
இவ்வளவுதான் என் லேத் கண்ட உலகம்.
கழுத்து, தோள், வயிறு என்று
சட்டைக்கு அளவெடுப்பவன்போல்
அவன் எழுதி அனுப்பிய எண்களை
வேர்னியருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
கனநேரம் இருந்தேன்.

"உங்கை பன்றிக்கு என்ன செய்யிறியள்?"
"தகரம் தட்டுறம்."
சிரித்தான். அவன் சுடப்போவது மூஸ்,
மாட்டு வண்டிலை விட உயரமாம்.

பித்தளையில் கடைந்து பார்க்கலாம்.
இந்த ஊரில் பித்தளைக்கா பஞ்சம்?
ஒருகாலம் பழைய இரும்புக்காரன்
சாக்கில் அள்ளி, கிலோவில் நிறுத்தான்.
ஆனால் அந்த வடிவம் அந்த உலோகத்தில்
என் மேசையில் நிற்கும்போது
கதவைத் தட்டுகிறவனுக்கு
மூஸ் என்றால் என்னவென்று
எந்த மொழியில் சொல்ல?

முதிரையில் கடைந்தேன்.
கதவு நிலைக்கு வெட்டி மிஞ்சிய துண்டு,
தோல் போனால் அதுவும் பித்தளை நிறந்தான்.
முதலாவது கழுத்தில் முறிந்தது.
இரண்டாவது பாதியில் கரண்ட் போய்
உளி உள்ளே இறங்கிவிட்டது.
மூன்றாவது நின்றது.
ஊசிச் சன்னத்தோடு சேர்த்து அளந்தேன்:
எழுபத்தொன்று, ஒரு மயிரிழை குறைய.

மாதுமை தேத்தண்ணியோடு வந்தாள்.
வாசலில் நின்றுவிட்டாள்.
தட்டில் கோப்பை மட்டும் ஆடியது.

ஒன்பது வருசம் அவள் முழங்காலில் ஊர்ந்தவள்,
முகக்கண்ணாடிக்குள் வேர்த்து,
சாண் சாணாகக் குத்திப் பார்த்து,
சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம்
ஒவ்வொரு வெள்ளைத் தடியாக நட்டவள்.
முத்தையன்கட்டுப் பக்கத்தில்
இப்ப கச்சான் போட்டிருக்கும் காணியெல்லாம்
அவளின் முழங்கால் அறியும்.

"மரமப்பா," என்றேன்.
தட்டை வைத்தாள். எடுத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு
பெருவிரலால் தோளில் ஒருமுறை உருட்டினாள்.
"அடியில இலக்கமில்லை.
தோள் இவ்வளவு கூரா
நான் ஒண்டும் எடுக்கேல்லை."
பிறகு, கண் திறக்காமலே,
"இது எங்கட பட்டியலில இல்லை."

அது உண்மை.
இன்னும் எந்த மண்ணும் விழுங்காத கோது.
ஒருவனின் கொப்பியிலும்
என் மேசையிலும் மட்டுமே இருப்பது.

"கழுத்துக் கட்டையாக் கிடக்கு," என்றாள் போகும்போது,
"சன்னம் ஆடும்."
நான் மூன்று நாளாகத் தேடிய பிழை.

இரவு குணாளனிடம் சொன்னேன்:
கழுத்தைக் கூட்டு, நீளத்தைக் கூட்டாதே,
தோளை இன்னும் கீழே எடு.
மருந்துக்கு இடம் குறையும் என்று முறைப்பட்டான்,
பிறகு கணக்குப் போட்டான், பிறகு
"யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான்.
அண்ணி என்றேன்.
கொஞ்சநேரம் கதை இல்லை.
புதுத் தோட்டாவுக்குச் செய்தவன்தான்
பேர் வைக்கிறதாம். அவன் இன்னும் வைக்கவில்லை.

காலையில் பட்டறை திறந்தபோது
அது ஜன்னல் கட்டையில் நின்றது.
கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் டின்
மூடி சரியாகப் பூட்டாமல் கிடந்தது.
அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு
சுற்றிவரப் பூசியிருந்தாள்.

படம் எடுத்து அனுப்பினேன்.
"அடியில என்ன வெள்ளை?" என்று கேட்டான்.
"பெயின்ற்," என்றேன்.